ரயில் ஓட்ட ஆசைப்படும் பிள்ளையின் நிறப்பார்வையைச் சோதித்தீர்களா?

ஐந்து வயதில் ரயில் ஓட்டுநர், பத்து வயதில் விமானி, பிளஸ் டூ முடிக்கையில் கணினிப் பொறியாளர் என்று ஆசை மாறிக்கொண்டே போவது இயல்பு. அதற்காக யாரும் கண் மருத்துவரைத் தேடி வர வேண்டியதில்லை. ஆசை மாறாமல் நிற்கிற பிள்ளைகளைத்தான் எங்களிடம் காலம் கடந்து அழைத்து வருகிறார்கள். ரயில்வே உதவி ஓட்டுநர் பணிக்கான எழுத்துத் தேர்வுகளையெல்லாம் தாண்டியபின், நிறப்பார்வைக் குறைபாட்டால் மெடிக்கலில் கழிக்கப்பட்ட இன்னோர் இளைஞர் சென்ற வாரமும் வந்திருந்தார். கோச்சிங்குக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை என்ற அவருடைய தந்தை, சொட்டு மருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். பிறவியிலேயே வரும் இக்குறைபாட்டுக்கு மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை.

"சிக்னலில் சிவப்பு, பச்சையெல்லாம் சரியாகச் சொல்கிறானே டாக்டர்!" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். சொல்வான். மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்தே சொல்லிவிடுவான். தக்காளி பழுத்ததா என்பதைத் தொட்டுப் பார்த்தும், கிரேயானின் நிறத்தை அதன்மேல் ஒட்டியுள்ள பெயரை வாசித்தும் சமாளித்துவிடுவான். நிறக்குருடு என்றவுடன் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சிவப்பும் பச்சையும் அவற்றை ஒட்டிய நிறங்களுமே குழம்புகின்றன. இரவில் தொலைவில் தனித்து எரியும் ஒற்றை விளக்குக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்பதால்தான் ரயில்வே இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது.

நிறப்பார்வையைச் சோதிக்க 1917இல் உருவான, வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை விரித்தேன். முதல் அட்டையின் 12 எல்லோருக்கும் தெரியக்கூடியது. அடுத்த அட்டையில் தந்தை 8 என்று வாசித்ததை மகன் 3 என்று வாசித்தார். அதன்பின் தந்தை சிக்னலைப் பற்றிப் பேசவில்லை. (எண்களை மனப்பாடம் செய்து வருவோருக்கு: அட்டைகளை வரிசை மாற்றிக் காட்ட எங்களுக்குத் தெரியும். நிற லென்ஸ் அணிந்து வருவதும் செல்லாது.)

இது பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருவது. இதைச் சொன்னதும் அந்தத் தாயை முறைக்கும் உறவினர்கள் தயவுசெய்து வெளியே காத்திருக்கவும்.

தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இக்குறை இருந்தாலும், பிள்ளை இலையைப் பழுப்பாகவும் மரத்தண்டைப் பச்சையாகவும் தீட்டினாலும், திட்டாமல் அழைத்து வாருங்கள். ஏழெட்டு வயதிலேயே சில நிமிடங்களில் தெரிந்துவிடும். விமானியாக விரும்புவோர் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன்பே, டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனையை முடித்துக்கொள்ள வேண்டும். ரயில் ஓட்டுநர் பணிக்குக் கண்ணாடியில்லாமலே 6/6 பார்வை, அதாவது குறையில்லாத தூரப்பார்வை தேவை. லேசர் சிகிச்சை செய்துகொண்டோரையும் அதற்கு எடுப்பதில்லை.

குறை இருப்பது தெரிந்துவிட்டால் எல்லாக் கதவும் மூடிவிட்டதாக அழ வேண்டாம். லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெற 2020இல் விதி திருத்தப்பட்டது. புனே திரைப்படக் கல்லூரியின் எல்லாப் படிப்புகளிலும் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ரயில்வேயிலும்கூட, நிறப்பார்வை கேட்காத பணிகள் இருக்கின்றன; எந்தப் பணிக்கு எந்த மருத்துவத் தகுதி என்பதை விண்ணப்ப அறிவிக்கையிலேயே அச்சிட்டிருப்பார்கள். கோச்சிங் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.