சொல் விளக்கம்: வென்டிலேட்டர்

"வென்டிலேட்டர்ல போட்டிருக்காங்க." தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைக் கேட்டதும் கூட வந்தவர்கள் உடைந்துபோகிறார்கள். கதை முடிந்தது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ராத்திரி தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தால், நஞ்சு மூச்சுவிடும் தசைகளை முடக்கிவிடும். நுரையீரல் நன்றாகவே இருக்கும். தசைகளுக்குத் தெம்பு திரும்பும்வரை மூச்சை நடத்திக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். அதைச் செய்யும் கருவிதான் வென்டிலேட்டர். பூச்சிமருந்து உடம்பில் ஏறியவருக்கும் இந்த நிலை வரலாம்.

லத்தீனில் 'வென்டுஸ்' என்றால் காற்று. அதிலிருந்து 'வென்டிலாரே': விசிறுதல், களத்தில் தானியம் தூற்றுதல். சுவரில் உயரத்தில் விடும் காற்றுத் திறப்பையும் நாம் வென்டிலேட்டர் என்கிறோம். அதற்குக் 'காலதர்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காவிரிப்பூம்பட்டினத்து மாளிகைகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது. அழகான சொல்தான், ஆனால் ஆஸ்பத்திரிக் கருவிக்கு ஒத்துவராது. காலதர் காற்றுக்கு வழிவிடும். கருவி காற்றை உள்ளே தள்ளும்.

நாம் மூச்சிழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழிறங்கி, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, காற்று தானாக வருகிறது. கருவி செய்வது நேர்மாறு. மூச்சுக்குழாயில் செருகிய டியூப் வழியாக அழுத்தித் தள்ளுகிறது. வெளிமூச்சு மட்டும் நெஞ்சு தளரும்போது தானே வெளியேறிவிடும்.

நோயாளி லேசாக இழுத்தாலும் டியூபில் ஏற்படும் மாற்றத்தைக் கருவி உணர்ந்து, அந்த மூச்சுக்குக் கைகொடுக்கும். இழுக்கவில்லையா, குறித்த நேரத்தில் தானே தொடங்கும். ஒரு மூச்சுக்கு இத்தனை மில்லி என்று டாக்டர் வைக்கலாம்; அப்போது நுரையீரல் விறைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் இவ்வளவு என்றும் வைக்கலாம். அப்போது விறைத்த நுரையீரலுக்குள் போகும் காற்று குறையும். அதனால்தான் எந்த முறையானாலும் பக்கத்தில் ஆள் இருந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மூச்சின் அளவு பொதுவாக எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி. இது தராசு காட்டும் எடை இல்லை, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. உடம்பு பருத்தால் நுரையீரல் பெரிதாவதில்லையே.

'ஆக்சிஜன் வச்சிருக்காங்க' என்பது வேறு. அங்கே மூச்சுவிடுவது நோயாளியேதான். பத்திரிகைகள் 'செயற்கைச் சுவாசக் கருவி' என்று எழுதுகின்றன, புரிகிறது, இருக்கட்டும். ஆனால் நோயாளி தானே தொடங்கும் மூச்சை முழுக்கச் செயற்கை என்று எப்படிச் சொல்வது? எனக்கு 'மூச்சியக்கி' போதும். முழு மூச்சையும் கருவியே நடத்தினாலும், பாதிக்குத் துணைநின்றாலும் அந்தப் பெயர் பொருந்தும்.