ஊடுபாய்வு: மூளைக் கட்டியின் எம்ஆர்ஐ அறிக்கையில் வரும் ‘பெர்ஃபியூஷன்’

மூளைக் கட்டிக்காக எடுக்கப்படும் எம்ஆர்ஐ அறிக்கைகளில் ‘பெர்ஃபியூஷன்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் அதை ‘இரத்த ஓட்டம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது தவறில்லை, ஆனால் போதாது. கழுத்துத் தமனியில் விரைந்து செல்வதும் இரத்த ஓட்டம்தான். பெர்ஃபியூஷன் குறிப்பது அந்த ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தை. குறிப்பிட்ட அளவு திசுவுக்குள் இருக்கும் தந்துகிகளின், அதாவது மிக நுண்ணிய இரத்த நாளங்களின், வழியே ஒரு நிமிடத்தில் எவ்வளவு இரத்தம் கடந்து செல்கிறது என்பதே அதன் பொருள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடலாம். மடை திறந்து வயலுக்குள் பாய்ந்ததை மட்டும்தான் பாசனம் என்கிறோம். அளவிடும் அலகிலும் இந்த வேறுபாடு தெரிகிறது: 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர். நலமான மூளைக்கு இது சராசரியாக 50 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். சாம்பல் நிறப் பகுதியில் இதைவிடக் கூடுதல், வெண்ணிறப் பகுதியில் குறைவு.

சொல்லின் வேர் இலத்தீன். ‘பெர்’ என்றால் ஊடாக, முழுவதுமாக. ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுதல். அதே வினையிலிருந்து பிறந்த உறவுச் சொற்கள் மருத்துவத்தில் பல உண்டு. டிரான்ஸ்ஃபியூஷனை ‘இரத்தம் ஏற்றுதல்’ என்கிறோம். எஃப்யூஷனுக்கு ‘நீர் கோத்தல்’ என்ற அழகான வழக்கு மக்களிடமே இருக்கிறது. டிஃப்யூஷனுக்குப் பாடநூல்கள் ‘விரவல்’, ‘பரவல்’ என்று எழுதுகின்றன. பெர்ஃபியூஷனுக்கு மட்டும் ஆளுக்கொரு சொல்.

‘இரத்த ஊட்டம்’ என்று சிலர் எழுதுவதுண்டு. இனிய சொல்தான், ஆனால் ஊட்டம் என்றதும் சத்து நினைவுக்கு வருகிறது. இரத்தசோகைக்கு மருந்து சொல்வது போல ஒலிப்பதோடு, கட்டியைப் பற்றிய அறிக்கையில் ‘ஊட்டம் அதிகம்’ என்று படிப்பவர் அதை நல்ல செய்தி என்றே நினைக்கக்கூடும். ‘ஊடுபரவல்’ என்பதும் சரிவராது. சவ்வூடு பரவல் என்று ஆஸ்மோசிஸைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதோடு, ஒரே எம்ஆர்ஐ அறிக்கையில் டிஃப்யூஷனும் பெர்ஃபியூஷனும் அடுத்தடுத்து வரும். முன்னது நீர் மூலக்கூறுகளின் அசைவு, பின்னது இரத்தத்தின் பாய்வு. இரண்டுக்கும் ‘பரவல்’ என்று எழுதினால் குழப்பமே மிஞ்சும். ‘குருதி ஊடுபாய்வு’ என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. ஊடு என்ற சொல்லுக்கு ‘வழியாக’ என்ற பொருளும் ‘நடுவே’ என்ற பொருளும் உண்டு. திசுவுக்கு நடுவே, அதன் வழியாகப் பாய்தல்: தந்துகிகளில் நடப்பது இதுதான்.

கட்டி மருத்துவத்தில் இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? புதிய இரத்த நாளங்களைத் தன்னை நோக்கி வளரச் செய்யாவிட்டால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக முடியாது என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். மூளைக் கட்டிகளில் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவை நுண்ணோக்கியில் அடையாளம் காட்டும் கூறுகளில் ஒன்று, தாறுமாறாகப் பெருகிய நுண்நாளங்கள். அந்தப் பெருக்கத்தை மண்டையைத் திறக்காமலே மதிப்பிட உதவுவதுதான் ஊடுபாய்வு எம்ஆர்ஐ.

அதிகம் பயன்படும் முறையில் கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தைக் கையிலுள்ள சிரையில் வேகமாகச் செலுத்துகிறார்கள். காந்தப் பண்பு மிக்க அந்த மருந்து மூளைக்குள் நுழையும் சில நொடிகளில் எம்ஆர்ஐ சமிக்ஞை சட்டென்று சரிந்து, அது கடந்து போனதும் மீள்கிறது. அந்தச் சரிவு எவ்வளவு பெரியதோ, அவ்விடத்தில் இரத்தத்தின் கொள்ளளவும் அவ்வளவு அதிகம். இதை மறுபக்கத்து நலமான வெண்ணிறப் பகுதியோடு ஒப்பிட்டு, ‘சார்புக் குருதிக் கொள்ளளவு’ என்று கணக்கிடுகிறார்கள். அறிக்கையில் ‘ஆர்சிபிவி’ என்று வருவது இதுதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, மூளையின் தாங்கு செல்களில் தோன்றும் கிளியோமா வகைக் கட்டிகளில் தீவிரம் குறைந்தவற்றையும் மிகுந்தவற்றையும் பிரிக்க 1.75 என்ற எல்லையைத் தந்தது. இன்றும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் கருவியும் கணக்கிடும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். ஆலிகோடென்ட்ரோகிளியோமா போன்ற கட்டிகள் தீவிரம் குறைந்தவையாக இருந்தும் கூடுதல் கொள்ளளவைக் காட்டுவதுண்டு. ஓர் எண்ணை மட்டும் பார்த்து யாரும் கலங்க வேண்டியதில்லை.

மருத்துவர் அல்லாதவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மருந்து செலுத்தியபின் எடுக்கும் வழக்கமான எம்ஆர்ஐ படத்தில் கட்டி வெளிச்சமாகத் தெரிந்தால், ‘அங்கே இரத்தம் நிறையப் போகிறது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வெளிச்சம் பெரும்பாலும் கசிவைக் காட்டுகிறது. மூளையின் தந்துகிகளுக்கு இயற்கை அமைத்த குருதி-மூளைத் தடுப்பு சிதைந்த இடத்தில் மருந்து நாளத்தைவிட்டு வெளியே கசிந்து தேங்குகிறது. கசிவு வேறு, ஊடுபாய்வு வேறு. மூளையில் தோன்றும் லிம்ஃபோமா (வெள்ளணுக்களில் உருவாகும் புற்றுநோய்) நன்றாக ஒளிரும். ஆனாலும் அதன் குருதிக் கொள்ளளவு கிளியோபிளாஸ்டோமாவைவிட வழக்கமாகக் குறைவு. மருத்துவர்கள் இரண்டையும் பிரித்தறிய இந்த வேறுபாடு துணைநிற்கிறது.

சிகிச்சைக்குப் பிறகு இந்த வேறுபாட்டின் அருமை இன்னும் கூடுகிறது. கதிர்வீச்சும் புற்றுநோய் மருந்தும் முடிந்த சில மாதங்களில் எடுக்கும் படத்தில் புதிதாக ஒளிரும் பகுதி தோன்றலாம். கட்டி மீண்டும் வளர்கிறதா, கதிர்வீச்சால் திசு பாதிக்கப்பட்டு மருந்து கசிகிறதா? சாதாரணப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வளரும் கட்டியில் ஊடுபாய்வு பொதுவாகக் கூடியிருக்கும். இறந்துபோன திசுவில் குறைந்திருக்கும். இரண்டும் கலந்தே இருக்கும் நோயாளிகளும் உண்டு. அப்போது அடுத்தடுத்த படங்களோ திசுப் பரிசோதனையோ தேவைப்படும்.

கசிவை அளக்கும் முறையும் இருக்கிறது. அதன் அளவையை ‘கே-டிரான்ஸ்’ என்பார்கள். மருந்தே இல்லாமல் ஊடுபாய்வை அளக்கும் ‘ஏஎஸ்எல்’ முறை 1992இல் எலியின் மூளையில் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்டது. கழுத்துப் பகுதியில் ஏறிவரும் இரத்தத்தின் நீரையே காந்தத்தால் குறியிட்டு, ஓரிரு நொடி கழித்து அது மூளையில் எங்கெங்கே வந்துசேர்ந்தது என்று படமெடுப்பார்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது மிக உகந்தது. ‘தமனிக் குருதிக் குறியீட்டு முறை’ என்று இதை எழுதலாம். அறிக்கையின் முடிவு வரியில் ‘கட்டியில் குருதி ஊடுபாய்வு கூடியுள்ளது’ அல்லது ‘குறைந்துள்ளது’ என்று எழுதினால் படிப்பவருக்குப் பொருள் விளங்கும்.