மதுரையில் g 9.8 இல்லை

பருவம் முடிகிறது. திருத்தக் கிடக்கும் ரெக்கார்டு நோட்டுகளில் எதைத் திறந்தாலும் தனி ஊசலை ஆட்டி g (புவியீர்ப்பு முடுக்கம், மீ/நொடி²) கண்டுபிடிக்கும் பக்கத்தில் அதே எண்: 9.8. சிலதில் 9.7998. இந்த முறை அளவு மீறிப் போய்விட்டது. அடுத்த பிராக்டிகலுக்கு முன் இதைப் பேசியே ஆக வேண்டும்.

"9.8 வராவிட்டால் மார்க் போய்விடும்" என்பது சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பயம். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இங்கே g 9.78. புத்தகத்தில் இருக்கும் 9.8, 45 பாகையை ஒட்டிய இடங்களுக்குப் பொருந்துகிற பொது மதிப்பு. விடையை முதலில் எழுதி, பின்னாலிருந்து நேரத்தைக் கணக்குப் போட்டு நிரப்புகிறீர்களே, அந்த விடை இந்த ஊருக்கு உரியதே இல்லை!

அதைவிட முக்கியமான ஒன்று. 100 செ.மீ. ஊசல் இங்கே 20 அலைவுக்கு 40.18 நொடி எடுக்கும். g 9.80 ஆக இருந்தால் 40.14 நொடி. வித்தியாசம் 0.04 நொடிதான். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலோ 0.1, 0.2 நொடி முன்னே பின்னே போகும். 0.2 நொடி பிசகினாலே g 0.1 மாறிவிடும். ஆகவே 9.7 வந்தாலும் 9.87 வந்தாலும் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றே அர்த்தம். மூன்று ரீடிங்கும் 40.14, 40.14, 40.14 என்று இருந்தால்தான் எக்ஸ்டர்னலுக்கு (வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு) சந்தேகம் வரும்.

நிஜமாகவே தப்பாக வந்தால், எண்ணே காரணத்தைச் சொல்லும். 10.8 வந்ததா? வாட்சை அழுத்தும்போது "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். எண்ணியது 19 அலைவு. "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். 9.68 வந்ததா? நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தை விட்டிருப்பீர்கள். ஒரு மீட்டரில் 1 செ.மீ. விட்டால் ஒரு சதவீதம் போகும். (ஒரே குண்டை வைத்து ஊசலின் நீளம் L, ஓர் அலைவு நேரத்தின் வர்க்கம் T² இரண்டுக்கும் வரைபடம் போட்டால் இந்தப் பிழை சரிவைத் தொடாது, கோடு மட்டும் மூலப்புள்ளியை விட்டு விலகும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்கத் தகுந்த கேள்வி இது.) வீச்சு, அதாவது ஊசல் சாயும் கோணம், 5 பாகைக்குள் இருக்கட்டும். ஓரத்தில் நிற்கும்போது எண்ணாதீர்கள், குண்டு வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில் எண்ணுங்கள். வெயில் தாங்கவில்லைதான், ஆனாலும் அந்த ஒரு நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) துளியளவு நகர்ந்திருப்பதைக் கண்டார். அதை அப்படியே அளந்து வெளியிட்டார். புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வது அதனால்தான் தெரிந்தது. இன்றும் அது எவர்ஷெட் விளைவுதான். நம் மலையில், ஒரு கோட்டின் சிறு விலகலை மதித்ததால் கிடைத்தது.

பிள்ளைகளா, ரீடிங் தப்பானால் ரப்பரை எடுக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதி, மறுபடி எடுங்கள். கடைசி வரியில் 9.7 ± 0.1 என்று தயங்காமல் எழுதுங்கள். எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளும் அந்த ± குறியைப் பார்க்கத்தான் திருத்துகிறவர்கள் காத்திருக்கிறோம்.