மோடம் வாங்கும் முன் ஒயரைத் தேடுங்கள்

லேப்டாப்பிலேயே சிம் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது மோடத்தின் வேகத்தைத்தான். நான் முதலில் அடிமூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன்.

மோடம் என்பது சிம் வழியாக லேப்டாப்புக்கு மொபைல் இணையம் தரும், 30 மில்லிமீட்டர் அகலம், 42 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்ன அட்டை. 5ஜி அட்டை என்றால் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர். எஸ்எஸ்டி மாதிரியே, மதர்போர்டில் இருக்கும் எம்.2 என்ற ஸ்லாட்டில் செருகி ஒரு ஸ்க்ரூ போட்டால் முடிந்தது. ஆனால் ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் மெல்லிய ஒயர்கள் சும்மா சுருண்டு கிடக்கின்றனவா என்று பாருங்கள். லெனோவாவின் திங்க்பேடு லேப்டாப்புகள் பலவற்றில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கீல் வழியாக ஏறி, திரையைச் சுற்றியுள்ள ஆன்டெனாவுக்குப் போகிறவை அவைதான். மோடம் இல்லாத மாடல் என்று விற்றவற்றில் பலவற்றில் இந்த ஒயரே இருக்காது.

சரி, வைஃபை ஒயரைப் பிடுங்கி மாட்டினால் என்ன? பலரும் கேட்கும் கேள்வி இது. ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தோடு கட்டுப்பட்டது. ஏறக்குறைய அதில் கால் பங்கு இருந்தால் நன்றாக வாங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை 12.5 சென்டிமீட்டர், கால் பங்கு 3 சென்டிமீட்டர் சொச்சம். ஜியோ பயன்படுத்தும் 850 மெகாஹெர்ட்ஸ் அலையோ 35 சென்டிமீட்டர். அதற்குக் கால் பங்கு 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குட்டைப் புல்லாங்குழலில் கீழ் சுருதி பிடிக்க முடியாது, அதே கதைதான். சுவர் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வருவது இந்தத் தாழ்ந்த அதிர்வெண்தான். சிக்னல் மோசமான இடத்தில் நமக்குக் கைகொடுக்க வேண்டியதே வைஃபை ஆன்டெனாவில் சரியாக விழாது.

ஒயர் ஏன் இரண்டு? கோபுரத்திலிருந்து வரும் அலை சுவரிலும் மரத்திலும் மோதிப் பல பாதைகளில் வருகிறது. ஓர் ஆன்டெனா நிற்கும் இடத்தில் அது மங்கினால், சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொன்றில் தெளிவாக இருக்கும். சிக்னல் நன்றாக இருந்தால் இரண்டிலும் வெவ்வேறு தரவு ஓடி வேகம் கூடும். 5ஜி அட்டை இப்படி நான்கைக் கேட்கும். இரண்டே ஒயர் உள்ள லேப்டாப்பில் 5ஜி போடுவது காசுக்குப் பிடித்த கேடு என்பேன்.

அப்புறம் அலைவரிசை, அதாவது பேண்ட். சியரா வயர்லெஸ் நிறுவனத்தின் இஎம்7455, இஎம்7430 மோடங்கள் இரண்டும் பார்க்க ஒரே அட்டை. இரண்டுமே 300 எம்பிபிஎஸ் வரை இறக்கக்கூடியவை. முன்னதில் 40-ஆம் பேண்ட் கிடையாது, ஆசிய பசிபிக் பகுதிக்கான பின்னதில் உண்டு. ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 பேண்டுகளில். மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்னதை வாங்கினால், 40-ஆம் பேண்டான 2300 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் உங்களுக்கு இல்லை.

லேப்டாப்பே அட்டையை மறுப்பதும் உண்டு. பழைய திங்க்பேடுகள் பலவற்றின் பயாஸில், அதாவது லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில், அனுமதிப் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத அட்டையைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். உங்கள் மாடலுக்கான பாகப் பட்டியலில் உள்ள அட்டையையே வாங்குங்கள்.

மாட்டும்போது சிவப்பு ஒயர் அட்டையின் முதன்மை முனைக்கு, நீலம் துணை முனைக்கு. முனை கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிது. சாய்க்காமல் நேராக வைத்து விரல் நுனியால் அழுத்துங்கள், டக்கென்று உட்காரும்.