வெப்மெத்தட்ஸ் மேம்படுத்தல்: இரண்டு சர்வரும் உயிரோடிருக்கும் நேரம்

நிறுவனத்தின் வெவ்வேறு மென்பொருள்களை இணைத்துத் தரவு பரிமாறும் வெப்மெத்தட்ஸ் இன்டகிரேஷன் சர்வரை அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோகத் திட்டமிடும்போது, நிறுவலுக்கும் பேக்கேஜ்களை (அதில் ஓடும் சர்வீஸ்களின் தொகுப்புகளை) நகர்த்துவதற்கும்தான் பெரும்பாலும் நாள் ஒதுக்குகிறார்கள். அந்த வேலை சலிப்பானது, ஆனால் ஆபத்தில்லாதது. தவறினால் மறுபடி செய்துகொள்ளலாம். ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாவதும், வரவேண்டிய கோப்பு எங்கே போனது என்று தெரியாமல் போவதும் பழைய சர்வரும் புதிய சர்வரும் ஒன்றாக ஓடும் சில மணி நேரத்தில்தான் நடக்கின்றன. திட்டத்தில் அதிகக் கவனம் அந்தச் சில மணி நேரத்துக்குத் தேவை.

முதலில் ஃபிக்ஸ் வேறு, பதிப்பு மாற்றம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபிக்ஸ் என்பது இருக்கும் பதிப்பின் மேலேயே அப்டேட் மேனேஜர் என்ற கருவி மூலம் போடும் திருத்தம். பதிப்பு மாற்றம் என்பது புதிய கோப்பகத்தில் தனியாக நிறுவி, பழையதிலிருந்து அமைப்புகளை இடம்பெயர்ப்பது. 2024 ஜூலை 1 அன்று வெப்மெத்தட்ஸ் சாஃப்ட்வேர் ஏஜியிடமிருந்து ஐபிஎம் கைக்கு மாறியது. பழைய ஆதரவுத் தளத்தின் கணக்கை மட்டும் நம்பியிருக்கும் குழுக்கள், ஐபிஎம் பக்கம் யார் பெயரில் உரிமம் இருக்கிறது, யாரால் பதிவிறக்க முடியும் என்பதை வேலை தொடங்கும் முன்பே உறுதி செய்ய வேண்டும். கட்ஓவர் இரவில், அதாவது பழையதிலிருந்து புதிய சர்வருக்கு மாறும் இரவில், இதைத் தேடக் கூடாது.

ஃபிக்ஸ் விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. சர்வரின் மையப் பகுதிக்கான கோர் ஃபிக்ஸ்கள் முந்தையவற்றையும் உள்ளடக்கியவை, ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை. ஆனால் ஆதரவுக் குழு உங்களுக்கென்று தனியாகக் கொடுத்த பேட்ச் ஏதாவது இருந்தால், அதன் திருத்தம் புதிய ஃபிக்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று ரீட்மீ கோப்பில் பாருங்கள். சேரவில்லையென்றால், முன்பு தீர்ந்த குறை திரும்பி வரும். இணையம் இல்லாத சர்வர்களுக்கு, இணையம் உள்ள கணினியில் ஃபிக்ஸ் இமேஜ் (ஃபிக்ஸ்களை அடக்கிய கோப்பு) உருவாக்கி எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடப்பது: முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக அப்டேட் மேனேஜரை ஓட்டிவிடுவார்கள். கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறிவிடும். அப்புறம் சர்வர் தன் வழக்கமான பயனரில் எழுந்திருக்கும்போது, பதிவுக் கோப்பில்கூட எழுத முடியாமல் விழும். சர்வர் எந்தப் பயனரில் ஓடுகிறதோ அதே பயனரில்தான் ஃபிக்ஸும்.

பதிப்பு மாற்றத்தில் உண்மையில் மாறுவது ஜாவா. பழைய நிறுவல்கள் பல ஜாவா 8-இல் வளர்ந்தவை. 11.1 பதிப்பு ஜாவா 17-இல் ஓடுகிறது. நடுவில் ஜாவாவிலிருந்து போனவை நிறைய. எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி நூலகம் ஜாவா 11-இல் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் இயக்கும் நாஸ்ஹார்ன் 15-இல் போய்விட்டது. 17-இல் ஜேடிகேயின் (ஜாவா நிரலாக்கத் தொகுப்பின்) உள் வகுப்புகளை ரிஃப்ளெக்ஷன் வழியே, அதாவது ஓடும்போது பெயரால் தேடி, தொட்டால் பிழைதான் வரும். பழைய ஜாவா சர்வீஸ்களில் இப்படித் தொடுவது சகஜம். பேக்கேஜ்களின் ஜார் கோப்புகளையும் தொகுத்த வகுப்புகளையும் ஜேடெப்ஸ் கருவியில் உள் ஏபிஐ தேடும் விருப்பத்தோடு ஓட்டினால், உள் வகுப்புகளை நேரடியாகத் தொடும் இடங்கள் நிறுவும் முன்பே பட்டியலாகக் கிடைக்கும்; ரிஃப்ளெக்ஷன் வழியே தொடுவதை அது காட்டாது, அதை ஓட்டிச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும். உள் வகுப்புகளைத் திறந்துவிடும் ஆட்-ஓப்பன்ஸ் என்ற ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரம்) அளவுருவைச் சேர்த்து ஒப்பேற்றலாம். அது தற்காலிகம் என்று எங்கேயாவது எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே நிரந்தரமாகிவிடும்.

ஜேவிஎம் அளவுருக்களை அப்படியே நகலெடுக்காதீர்கள். சிஎம்எஸ் என்ற பழைய குப்பைச் சேகரிப்பானை (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பதை) கேட்கும் வரியோ, மேக்ஸ்பெர்ம்சைஸ் என்ற பழைய நினைவக வரம்பு வரியோ இருந்தால், ஜாவா 17 அந்த விருப்பத்தைத் தெரியாது என்று சொல்லி எழவே எழாது. குப்பைச் சேகரிப்பைப் பதிவு செய்யும் பழைய அளவுருக்களில் சில இருந்தால் 11-இலேயே இப்படி எழாமல் போகும். சர்வரை எழுப்பும் ரேப்பர் நிரல் வழியே ஓடும் நிறுவல்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு: கூடுதல் அளவுருக்களுக்கு வரிசை எண் இருக்கும். நடுவில் ஓர் எண் விடுபட்டால், இடைவெளியைப் பொருட்படுத்தாதே என்று அமைத்திருந்தாலொழிய, அதற்குப் பின் உள்ளவை சத்தமில்லாமல் கைவிடப்படும். வேண்டாத வரியை நீக்கும்போதுதான் இது நடக்கும்.

எழாத சர்வர் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். தவறான விடை தரும் சர்வர்தான் தொல்லை. ஜாவா 9 முதல் தேதி, மொழி சார்ந்த வடிவங்கள் சிஎல்டிஆர் என்ற பொதுவான மொழித் தரவுத் தொகுப்பிலிருந்து வருகின்றன. இங்கிலாந்து ஆங்கில அமைப்பில், ஜாவா 8-இல் மூன்றெழுத்தாக வந்த செப்டம்பர் மாதச் சுருக்கம் 17-இல் நான்கெழுத்தாகிறது. மூன்றெழுத்தை எதிர்பார்க்கும் கூட்டாளி நிறுவனம் ஆகஸ்ட் வரை எதையும் உணராது. தேதி வடிவமைக்கும் ஒவ்வொரு சர்வீஸிலும் லோகேலை (மொழி, நாட்டு அமைப்பை) வெளிப்படையாகக் கொடுங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் சோதனைத் தரவு வைத்து ஓட்டுங்கள்.

இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய பதிப்புகளான 1.0, 1.1 இரண்டும் 2021 ஏப்ரல் ஜேடிகே புதுப்பிப்புகளிலிருந்து இயல்பாகவே முடக்கப்பட்டவை. வெளியே பேசும் ஒவ்வொரு முகவரிக்கும் புதிய சர்வரிலிருந்து ஒரு கைகுலுக்கல் சோதனை (பாதுகாப்பான இணைப்பு தொடங்குகிறதா என்ற சோதனை) செய்யுங்கள். பழைய கூட்டாளிகள் இருவராவது மாட்டுவார்கள், அவர்களுக்கு அறிவிப்புக் காலம் வேண்டும்.

பேக்கேஜ்களுக்கு வெளியே இருப்பவையும் பட்டியலில் வர வேண்டும். வெளி அமைப்புகளோடு பேசும் அடாப்டர் இணைப்புகளின் கடவுச்சொற்கள் பேக்கேஜில் இல்லை, சர்வரின் கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கின்றன. பேக்கேஜை மட்டும் நகர்த்தினால் இணைப்பு கண்ணுக்குத் தெரியும், இயக்கினால் தோற்கும். பெட்டகக் கோப்புகளையும் அதன் தலைமைச் சாவிக் கோப்பையும் சேர்த்தே எடுங்கள், ஒன்றை விட்டு மற்றொன்று பயனற்றது. பதிப்புக்கேற்ற உரிமக் கோப்பையும் முன்பே வாங்கி வையுங்கள். செல்லாத உரிமத்தோடு எழும் சர்வர் 30 நிமிடத்தில் தானே நின்றுவிடும். அதைப் புரியாமல் நினைவகத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி இரண்டும் உயிரோடிருக்கும் நேரம். புதிய சர்வரைச் சோதிக்க எழுப்புகிறீர்கள், அமைப்புகள் எல்லாம் உற்பத்தியிலிருந்து வந்தவை. செய்திகளை வரிசையில் வைத்துத் தரும் யுனிவர்சல் மெசேஜிங் இணைப்பில் அதே கிளையன்ட் முன்னொட்டு (சர்வரை அடையாளம் காட்டும் பெயர்) இருந்தால், செய்தி வந்ததும் சர்வீஸை ஓட்டும் டிரிக்கர்கள் பழைய சர்வருடன் ஒரே வரிசையைப் பகிரும். பாதிச் செய்திகள் இங்கே வந்து, அரைகுறையாக அமைத்த சர்வீஸில் விழும். கோப்புக் கண்காணிப்புப் போர்ட் அதே கோப்பகத்தைப் பார்த்தால், யார் முந்துகிறாரோ அவருக்குக் கோப்பு. தரவுத்தளத்தோடு பேசும் ஜேடிபிசி அடாப்டரின் செருகல் அறிவிப்பு (அட்டவணையில் புதிய பதிவு சேர்ந்ததைச் சொல்வது) இன்னும் மோசம்: இயக்கும்போது அது தரவுத்தளத்திலேயே வேறு வகை டிரிக்கர் ஒன்றையும் இடையக அட்டவணையையும் உருவாக்கும், முடக்கும்போது நீக்கும். புதிய சர்வரில் இயக்கிப் பார்த்து முடக்கினால், பழைய சர்வர் நம்பியிருந்த டிரிக்கரே போய்விடும். அதற்குப் பின் அட்டவணையில் சேர்ந்த பதிவுகள் எந்தப் பக்கமும் போய்ச் சேராது. திட்டமிட்ட பணிகளைப் பொறுத்தவரை, எந்த சர்வரில் ஓட வேண்டும் என்பது பணியோடு பதிவாகியிருக்கும், ஹோஸ்ட் பெயர் மாறினால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதற்காகவே குவீயஸ் நிலை, அதாவது வேலைகளை நிறுத்திவைக்கும் நிலை, இருக்கிறது. புதிய சர்வரை முதல்முறை அந்த நிலையிலேயே எழுப்புங்கள்: டிரிக்கர்களும் பணிகளும் நின்றிருக்கும், நிர்வாகத்துக்கு ஒதுக்கிய போர்ட் மட்டும் திறந்திருக்கும். அப்படியே உள்ளே போய், உள்வரும் வழிகள் ஒவ்வொன்றையும் கையால் முடக்கிவிட்டு, அதன்பின் வழக்கமான நிலைக்கு வாருங்கள். ஜேடிபிசி அறிவிப்புகளின் சோதனைக்குத் தனித் தரவுத்தளம்தான், வேறு வழியில்லை. இன்டகிரேஷன் சர்வரின் உள் தரவுத்தளத்துக்கும் அப்படியே. அதன் அட்டவணைகளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் பழைய சர்வர் அதில் ஓடாது, எனவே நகலில் மாற்றுங்கள்.

கட்ஓவர் வரிசை இதுதான்: பழைய சர்வரில் உள்வரும் வழிகளை முதலில் மூடுங்கள், வெளியே செல்லும் வழிகளை விட்டுவையுங்கள். வரிசைகளின் ஆழமும் இடையக அட்டவணைகளும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அவசரப்படுத்தும் மேலாளருக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள். பூஜ்ஜியமானபின் பழையதை நிறுத்தி, புதியதில் ஒவ்வொரு வழியாகத் திறங்கள், தொகை குறைந்த, மறுபடி அனுப்பக்கூடிய இடைமுகத்திலிருந்து. திரும்பிச் செல்லும் முடிவை எப்போது வரை எடுக்கலாம் என்பதை மணி குறித்து முன்பே எழுதுங்கள். புதிய சர்வர் உண்மையான ஆர்டரை ஏற்ற பிறகு திரும்பினால், அந்த ஆர்டர்களைக் கையால் சரிபார்க்க ஆள் வேண்டும்.

பழைய சர்வரைச் சில வாரம் வைத்திருப்பது நல்லதுதான், ஆனால் இயங்குதளத்தில் அதன் தானியங்கித் தொடக்கத்தை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் இயங்குதளப் பேட்சுக்காக யாரோ அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்வார்கள், பழைய சர்வர் பழைய அமைப்புகளோடு எழுந்து, அதே முன்னொட்டில் போய் வரிசையில் உட்கார்ந்துவிடும்.