நேஷனல் மெரிட் கடிதம் வந்துவிட்டது, ஃபீஸ் குறையுமா?

செப்டம்பர் பிறந்தால், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள அமெரிக்கத் தமிழ் வீடுகளில் நேஷனல் மெரிட் என்ற ஸ்காலர்ஷிப் போட்டியின் பேச்சுதான். பள்ளி முதல்வர் கூப்பிட்டுப் பாராட்டுகிறார், தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் வாழ்த்துகள் குவிகின்றன. அடுத்த சில நாளில் கல்லூரி ஆலோசகரான எனக்குத் தொலைபேசி வரும். "பொண்ணு செமிஃபைனலிஸ்ட் ஆயிட்டா சார். ஃபீஸ்ல எவ்வளவு குறையும்?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள்? பணத்துக்கான விடை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கடிதத்தில் இல்லை.

முதலில் கடிதம் நேரடியாக என்ன தருகிறது என்று பார்த்துவிடுவோம். பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வின் வழியாகப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்தப் போட்டிக்குள் வருகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 50,000 பேருக்கு ஏதோ ஒரு அங்கீகாரம் கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 'கமெண்டட்' என்ற பாராட்டோடு முடிந்துவிடும். சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஃபைனலிஸ்டும் ஆகிவிடுவார்கள். ஆனால் ஸ்காலர்ஷிப் கைக்கு வருவது ஃபைனலிஸ்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அதில் நேஷனல் மெரிட் அமைப்பே கொடுக்கும் தொகை 2,500 டாலர், அதுவும் ஒரே ஒரு முறை. கல்லூரிகள் அந்த அமைப்பின் வழியாகத் தருவது பொதுவாக வருடத்துக்கு 500 முதல் 2,000 டாலர் வரை. ஒரு வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்ட தனியார் பல்கலைக்கழகங்களில் இது எந்த மூலைக்கு?

மூன்றாவது ஒரு வகை உண்டு. சில நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது இருக்கிறதா என்று எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமலே விட்டுவிடும் பெற்றோர்தான் அதிகம்.

சரி, "அவங்க பையனுக்கு நாலு வருஷமும் ஃபீஸே இல்லை" என்று சொல்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. அலபாமா பல்கலைக்கழகம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம், ஓக்லஹோமா, டல்சா போன்றவை ஃபைனலிஸ்டுகளைத் தேடிப் பிடித்துப் பெரிய தொகை தருவதற்குப் பெயர் பெற்றவை. நல்ல மாணவர்கள் வந்தால் தங்கள் பெயர் உயரும் என்பதால், அந்தக் கல்லூரிகள் தம் சொந்தப் பணத்தைப் போடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தச் சலுகைகள் வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்ததை நம்பித் திட்டம் போடாதீர்கள். அப்புறம், அந்தக் கல்லூரியை 'முதல் விருப்பம்' என்று நேஷனல் மெரிட் அமைப்பிடம் அவர்கள் சொல்லும் தேதிக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு கல்லூரியை மட்டும்தான் அப்படிக் குறிப்பிட முடியும்.

மறுபக்கம், நம் வீடுகளில் கனவாக இருக்கும் இடங்களைப் பாருங்கள். எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் மதிப்பெண்ணுக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. அங்கே உதவி குடும்ப வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 இலையுதிர் காலத்திலிருந்து, வருமானம் 2 லட்சம் டாலருக்குள் இருந்து சொத்தும் வழக்கமான அளவில் உள்ள குடும்பங்களுக்கு ட்யூஷன், அதாவது படிப்புக் கட்டணம், இல்லை என்று அறிவித்திருக்கின்றன. அதற்கு மேல் சம்பாதிக்கும் ஐடி தம்பதிக்கு நேஷனல் மெரிட் அங்கே பெரிய உதவியில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் நேஷனல் மெரிட்டுக்குப் பணம் ஒதுக்குவதை 2009-லேயே நிறுத்த முடிவு செய்துவிட்டது. டெக்சாஸில் வகுப்பு ரேங்க் வைத்துத் தானாகக் கிடைக்கும் இடமும் வெறும் இடம்தான், அதில் கட்டணக் குறைப்பு எதுவும் இல்லை. பள்ளியிலேயே முதல் ரேங்க் எடுத்தவருக்கு மட்டும், மாநில அரசுக் கல்லூரிகளில் முதல் வருட ட்யூஷன் விலக்கு உண்டு.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்கு மாசசூசெட்ஸின் ஜான் அண்ட் அபிகெயில் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப்பைத்தான் நான் அடிக்கடி காட்டுவேன். 'ட்யூஷன் விலக்கு' என்று கடிதம் வரும், வீடே மகிழ்ந்துபோகும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் அதன் மதிப்பு வருடத்துக்கு 1,714 டாலர். அதே வளாகத்தில் உள்மாநில மாணவருக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆகும் செலவு 30,000 டாலருக்கு மேல்.

இதற்கு நேர்மாறாக ஜார்ஜியாவில் ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பள்ளி ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.7-ம் அவர்கள் கேட்கும் எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு மதிப்பெண்ணும் இருந்தால், ஜார்ஜியா டெக் உட்பட மாநில அரசுக் கல்லூரிகளில் ட்யூஷன் முழுவதும் அடைபடும். அதற்கு மேடையேற்றிப் பாராட்டுவோர் யாருமில்லை. ஆனால் நாலு வருடத்தில் மிச்சமாகும் பணம், நேஷனல் மெரிட் தரும் 2,500 டாலரைப் போலப் பல மடங்கு. அட்லாண்டா பக்கம் இருக்கும் பெற்றோர் சிலருக்கு இதைவிட நேஷனல் மெரிட் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

தனியார் கல்லூரிகள் அனுப்பும் 'பிரெசிடென்ட்ஸ் ஸ்காலர்ஷிப், வருடம் 25,000 டாலர்' போன்ற கடிதங்களையும் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடியே அறிவித்த ட்யூஷனில் பாதிக்கு மேல். மொத்தச் செலவு 80,000 என்றால் 25,000 போக இன்னும் 55,000 நீங்கள் கட்ட வேண்டும். சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்பே தராமல் 32,000-க்கு முடித்துவிடலாம். கழித்த பிறகு மிஞ்சும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு கல்லூரி உண்மையில் எவ்வளவு தருகிறது என்று தெரிந்துகொள்ள, அதன் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடி எச்2ஏ பகுதியைத் திறங்கள். பண நெருக்கடி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெரிட் தொகை கிடைத்தது, சராசரி எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த எண்ணிக்கை பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்தால் உங்கள் பிள்ளைக்கும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். கூடவே ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கும், உதவி போக உங்களுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டரையும் போட்டுப் பாருங்கள், 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். இதையெல்லாம் பதினோராம் வகுப்புக் கோடையிலேயே செய்தால் பட்டியலை மாற்ற நேரம் இருக்கும். ஏப்ரலில் அட்மிஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போது பிள்ளையின் மனம் அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே குடியேறிவிட்டிருக்கும்.

பெற்றோரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. கல்லூரியின் சொந்த மெரிட் பணத்துக்குத் தகுதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பிக்கும் முன்பே நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

பிள்ளை வெளியே ஜெயித்துக் கொண்டுவரும் ஸ்காலர்ஷிப்பைக் காரணம் காட்டி, சில கல்லூரிகள் தாங்கள் தரும் உதவியை அதே அளவுக்குக் குறைத்துவிடும். மேரிலாந்து 2017-ல் தன் அரசுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உங்கள் மாநிலத்தில், உங்கள் கல்லூரியில் நிலைமை என்ன என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பித்தல் விதி. ஜெல் மில்லரைத் தக்கவைக்கக் கல்லூரியில் 3.3 ஜிபிஏ வேண்டும், 30, 60, 90 கிரெடிட் முடியும்போது சரிபார்ப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு வந்த ஸ்காலர்ஷிப்பில் அந்த எண் என்ன, ஒரு முறை தவறினால் திரும்பப் பெற வழி உண்டா என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். முன்பணம் கட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.