வாழைக் கன்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

நடவுப் பருவம் தொடங்கிவிட்டால், எங்கள் ஆலோசனை மேசைக்கு அந்த இலை வராமல் இருப்பதில்லை. இம்முறை அதைக் கொண்டுவந்த விவசாயியின் தோட்டம் நட்டு இரண்டு மாதம்கூட ஆகாதது. இலை குறுகி, செங்குத்தாக நின்று, ஓரம் மஞ்சளாகியிருந்தது. காம்பிலும் நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் ஓடின. முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய் என்று சொன்னதும், "கன்றை மருந்தில் முக்கித்தானே நட்டேன்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நாம் மரம் என்று அழைத்தாலும் வாழை பல்லாண்டு வாழும் மென்தண்டுச் செடியே. மேலே நிற்பது இலையுறைகளின் அடுக்கு. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. நாம் உண்ணும் ரகங்களில் முளைக்கும் விதை இல்லாததால், கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைக் கொண்டே பயிரைப் பெருக்குகிறோம். கன்று என்பது தாயின் உடலில் ஒரு துண்டு. தாயின் ரகக் குணமும் தார் எடையும் அதனுடன் வருவது போலவே தாயிடம் உள்ள வைரஸும் வரும்.

மருந்தில் முக்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கன்று நேர்த்தி வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. கிழங்கைச் சீவுவது கூன்வண்டு துளைத்த பகுதியையும் அழுகலையும் நீக்குகிறது. சுமார் 52 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வெந்நீரில் 20 நிமிடம் வைப்பது வேரிலும் கிழங்கின் மேற்பகுதியிலும் உள்ள நூற்புழுக்களைக் கொல்கிறது. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வெட்டுக் காயத்தின் வழியே பூஞ்சாணம் நுழைவதைக் குறைக்கின்றன. ஆனால் முடிக்கொத்து வைரஸ் இருப்பது கன்றின் உள்ளே, உணவைக் கடத்தும் திசுக்களில். குடத்தின் வெளிப்புறத்தை எவ்வளவு துலக்கினாலும் உள்ளே கெட்ட தண்ணீர் நல்லதாகாது. பூஞ்சாணக் கொல்லியாலும், பஞ்சகவ்யத்தாலும், கடைக்காரர் கொடுக்கும் எந்தப் பாட்டிலாலும் வாழைக்குள் புகுந்த வைரஸைக் கொல்ல இயலாது. பூச்சிக்கொல்லி அடித்தால் வைரஸைப் பரப்பும் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி சாகும். ஏற்கெனவே நோயுற்ற வாழை நோயுற்றதாகவே இருக்கும்.

அடுத்து வரும் வாதம், "தாய் நன்றாகத்தான் தார் விட்டது" என்பது. தொற்று ஏற்பட்ட பின் அறிகுறி தெரியச் சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்கள் வரை ஆகலாம். குலை தள்ளும் நேரத்தில் தொற்றிய வாழை, தார் வெட்டும் வரை தெளிவான அறிகுறி எதையும் காட்டாமலே போகலாம். ஆனால் அதன் கிழங்கோடு இணைந்த கன்றுகளுக்குள் வைரஸ் சென்றிருக்கும். ஆகவே தாரின் அழகைப் பார்த்து மட்டும் கன்று வாங்குவது போதாது. தோட்டத்தை நடந்து பாருங்கள். அங்கே ஒரு வாழையில் முடிக்கொத்து இருந்தாலும் அந்தத் தோட்டத்துக் கன்று வேண்டாம். உறவினர் தோட்டம், இலவசக் கன்று என்பதெல்லாம் இதற்கு விலக்கல்ல.

நட்ட சில வாரங்களிலேயே வயல் முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நோய் தலைகாட்டினால், நாங்கள் முதலில் கன்றையே சந்தேகிப்போம். பக்கத்துத் தோட்டத்து அசுவினியால் வந்த நோய் பெரும்பாலும் வரப்போரத்தில் தொடங்கித் திட்டுத்திட்டாக உள்ளே நகரும்.

இது ஒரு பகுதியின் பயிரையே அழிக்கக்கூடிய நோய். ஆஸ்திரேலியாவில் 1913 வாக்கில் நுழைந்து, 1920-களின் தொடக்கத்தில் அங்கிருந்த வாழைத் தொழிலை ஏறக்குறைய முடக்கியது. அசுவினியே கடத்தி என்று மேகீ என்ற ஆய்வாளர் 1927-இல் நிறுவிய பிறகு, நோயற்ற கன்றும் கட்டாயத் தோட்டச் சோதனையும் நோயுற்றதை உடனே அழிப்பதும் சேர்ந்துதான் அந்தத் தொழிலை மீட்டன. நம் பழனி மலைப் பகுதியிலும் சிறுமலையிலும் விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகளின் பரப்பு பெருமளவு சுருங்கியதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. புவிசார் குறியீடு பெற்றுவிட்டதால் மட்டும் அது பிழைத்துவிடாது.

ஈட்டிக் கன்று, நீர்க்கன்று குழப்பமும் இன்னும் தீரவில்லை. அகன்ற இலையுடன் செழிப்பாகத் தெரிவது நீர்க்கன்று. கிழங்கு சிறியது, தாயோடு பிணைப்பும் பலவீனமானது. குறுகிய வாள் போன்ற இலையும் பருத்த அடியும் கொண்ட ஈட்டிக் கன்றையே எடுங்கள். 1.5 முதல் 2 கிலோ எடையில், ஒரே அளவாக இருக்கட்டும். வேர்களை நீக்கி, கிழங்குக்கு மேல் 20 செ.மீ. விட்டுத் தண்டை வெட்டுங்கள். சீவும்போது உள்ளே சிவப்போ பழுப்போ படர்ந்திருந்தால் அது பூஞ்சாணத்தால் வரும் வாடல் நோயாக இருக்கக்கூடும். அந்தக் கன்றை வயலில் வீசாமல் எரித்துவிடுங்கள், அரிவாளையும் சுத்தம் செய்யுங்கள். இந்நோய்க்கு எளிதில் ஆளாகும் ரஸ்தாளியை நடுவோருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பூஞ்சாணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்றது என்று நம்புவதும் தவறு. வைரஸ் உள்ள தாயிலிருந்து தொடங்கினால், ஆய்வகம் அந்த வைரஸையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் பெருக்கித் தரும். தாய்த் திசு சோதிக்கப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சான்று கேளுங்கள், காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். சான்றுள்ள கன்றும் நட்ட பிறகு அசுவினி வழியே நோய் வாங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கிழங்கின் குருத்தை நீக்கிக் கீறி, மரத்தூளில் பதித்துக் கன்று பெருக்கும் முறை மலிவானது, நல்லது. அதற்கும் தாய் தூய்மையாக இருந்தாக வேண்டும்.

நோயுற்ற வாழையைக் கண்டால் நேரே மண்வெட்டியை எடுக்காதீர்கள். அசைத்தால் அசுவினிகள் அடுத்த வாழைக்குப் போய்விடும். முதலில் குருத்திலும் இலையிடுக்கிலும் படும்படி பூச்சிக்கொல்லி தெளித்து அசுவினியைக் கொன்று, பிறகு பக்கக் கன்றுகள் அனைத்தோடும் கிழங்கைத் துண்டு மிச்சமின்றித் தோண்டி அழியுங்கள். "பக்கக் கன்று நன்றாக இருக்கிறதே" என்று ஒன்றை விட்டுவைப்பவர்களால்தான் மறுதாம்பிலும், அதாவது அந்தக் கன்றிலிருந்து வரும் அடுத்த பயிரிலும், நோய் தொடர்கிறது.

தயவுசெய்து அடுத்த நடவுக்கான தாய் வாழைகளை இப்போதே குறித்துவையுங்கள். தார் வெட்டும் வரை மாதம் ஒருமுறை அவற்றின் காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். கீற்று ஏதும் தெரிந்தால், கன்றைப் பிரிப்பதற்கு முன்பே அந்த இலையை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள்.